மாவுக்கட்டுக்குள் ஒரு சிரிப்பு

சிரிப்பு ஒன்று இருக்கிறது. உத்தரவாதமான சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார வைக்கிற சிரிப்பு. ஆனால் இப்போதே கிடையாது. அவசரக்காரர்கள் கடைக்குப் போய் ஒரு சோடா குடித்துவிட்டு வரலாம். இளவேனில் அதைத் தன் வலது உள்ளங்கையில் பொத்தி, அந்தக் கையை மாவுக்கட்டுக்குள் வைத்து, மாவுக்கட்டை அம்மாவின் பழைய துப்பட்டாவில் தொட்டில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, முந்திரித் தோப்புக்குள் ரெஜினாவின் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். கட்டு பொய். அதுதான் விஷயம். செவ்வாய்க்கிழமையே டாக்டர் சின்ன ரம்பம் ஒன்றை வைத்து, க்ர்ர்ர்ர் என்று (அந்தச் சத்தத்தை அன்று ராத்திரியே பழகிவிட்டாள், தம்பி சோற்றை விட்டு எழுந்து ஓடிவிட்டான்) நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து எடுத்துவிட்டார். "எலும்பு ஜோராக் கூடிடுச்சும்மா, இனி தாராளமா விளையாடு, செவுத்து மேல மட்டும் ஏறாத." பிளந்த இரண்டு பாதியையும் ஞாபகத்துக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தாள். மறுநாள் சாயங்காலம் தோப்போரத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று, டிபன் பாக்ஸை மூடுகிற மாதிரி கையைச் சுற்றி அவற்றை மூடி, ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டி, தொட்டிலில் போட்டுக்கொண்டாள். திட்டம் சுலபம். ரெஜி விளையாட்டுத் தட்டை எடுத்து நீட்டுவாள். பாவம், கை ஒடிந்தவளுக்கு எல்லாம் அவள்தான் எடுத்து நீட்டுகிறாள். இவள் இடது கையை ஓங்குவாள். ஓங்கிய கையைக் கீழே போடுவாள். தொட்டிலுக்குள்ளிருந்து வலது கை பாம்பாட்டியின் கூடையிலிருந்து எழும்புகிற மாதிரி எழும்பும், தட்டைப் பிடுங்கும், வீசும். ரெஜியின் வாய் திறக்கும். அந்த வாய்க்காகத்தான் இத்தனையும். ரெஜி லேசில் வாயைத் திறக்கிறவள் இல்லை. புதன்கிழமை, முதல் கூடையில், என்றுதான் வைத்திருந்தாள். இன்றைக்குச் சனிக்கிழமை.

"ஏய், வர்றியா இல்லையா, கொசு வந்துரும்" என்றாள் ரெஜி, திரும்பாமலே. அவள் தோள்பையில் தட்டுகள் ஒன்றோடொன்று இடித்துக் கடகடத்தன. பின்லாந்துக்கு வேலைக்குப் போன அவள் அண்ணன் முதல் லீவில் பெட்டி நிறைய இந்தத் தட்டுகளைத்தான் கொண்டுவந்தான். சாக்லேட்டை எதிர்பார்த்த தெருவே ஏமாந்தது. டிஸ்க் கோல்ஃப் என்று பேர். கோல்ஃப்தான், பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்குகிற கூடை, யார் குறைந்த வீச்சில் போடுகிறார்களோ அவர் ஜெயித்தவர். லீவு முடிவதற்குள் அண்ணன் பழைய சைக்கிள் ரிம்களை வெல்டிங் வைத்துக் குழாயில் மாட்டி, தோப்பில் ஆறு இடத்தில் நட்டுவிட்டுப் போனான். தட்டு சங்கிலியில் மோதினால் யாரோ கடை ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்ட மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தமும் வேனிக்கு வரும், இளவேனிலைத் தெருவே வேனி என்றுதான் கூப்பிடும், நாக்கை மேலண்ணத்தில் உருட்டிப் பல்லில் தட்டினால் போதும், ஒரு தடவை ரெஜியே ஏமாந்து "விழுந்துடுச்சா" என்று கேட்டாள். சுரங்கத்து ஷிப்டுச் சங்கு வரும். மயில் வரும். தலைமையாசிரியை மைக்கை ஊதிப் பார்க்கிறது வரும். பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே திட்டுவாரே, விசிலும் திட்டும் கலந்து, அது ரொம்ப நன்றாக வரும். அதைப் பள்ளிக்கூட மதில்மேல் ஏறி நின்று செய்துகொண்டிருந்தபோதுதான் சார் பின்னால் வந்து நின்றார். ரசித்துக்கொண்டுதான் நின்றாராம், பிறகு சொன்னார்கள். அதற்குள் இவள் விழுந்துவிட்டாள். மணிக்கட்டில் ஒரு டிக். அவ்வளவு சின்னச் சத்தம். அதை மட்டும் இவள் திருப்பிச் செய்து பார்த்ததே இல்லை. மறுநாள் ரெஜி வந்தாள், கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், இடது கையைக் காட்டி "நொட்டாங்கையில போடு" என்றாள். "நான் மட்டும் கோமாளி மாதிரி போடணுமா?" "நானும் நொட்டாங்கையிலயே போடுறேன். கட்டு பிரிக்கிற வரைக்கும்." கட்டு பிரிக்கிற வரைக்கும். அந்த மூன்று வார்த்தையைப் பல்லிடுக்கில் மாட்டிய கொய்யா விதை மாதிரி வேனியின் நாக்கு இப்போதும் தேடிப் போய்த் தொட்டது. எல்லார் குரலும் வருகிறவளுக்கு ரெஜியின் குரல் மட்டும் வருவதில்லை. பிடிக்க ஒரு காது வேண்டாமா பாத்திரத்துக்கு. அவள் பேச்சில் ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது, திக்கல் இல்லை, ஒரு 'வந்து' இல்லை. மழமழவென்று, காதில்லாத ஒரு சருவம்.

முதல் கூடை. இங்கே வேண்டாம், முதல் கூடையில் யாராவது சிரிப்பை அவிழ்ப்பார்களா, கல்யாணத்தில் பந்திக்கு முன்னால் வெற்றிலை கொடுக்கிற மாதிரி ஆகிவிடும். ரெஜி தட்டை நீட்டினாள். வேனி இடது தோளைக் கூடைக்குக் காட்டி நின்றாள். இதைப் பழக எத்தனை நாள். வலது கையால் போடும்போது உடம்புக்குத் தானாகத் தெரிந்ததெல்லாம் இடது கைக்கு வந்ததும் கண்ணாடியில் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரி ஆனது. எந்தக் கால் முன்னால், எந்த இடுப்பு முதலில், மூச்சு எங்கே. முதல் வாரம் தட்டு கையை விட்டே போகவில்லை, அல்லது காலடியில் அப்பளம் மாதிரி விழுந்தது. வலது கைக்கு எல்லாம் தெரியும், அதனாலேயே அது அவசரப்படும், முறுக்கும், ரெஜியை முந்த வேண்டும் என்று பல்லைக் கடிக்கும். நொட்டாங்கைக்கு ஒன்றும் தெரியாது. பதினாறு வருஷமாக அதற்குக் கழுவுகிற வேலை ஒன்றைத் தவிர யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. காசைக் கொடுக்காதே, வாங்காதே, திருநீறுக்கு நீட்டாதே, பெரியவர்கள் முன்னால் ஆட்டிப் பேசாதே. கடைக்கார அண்ணாச்சி ஒரு தடவை இடது கையில் நீட்டிய பத்து ரூபாயைப் பார்த்துவிட்டு ஆகாயத்தைப் பார்த்தார், இவள் கை மாற்றுகிற வரைக்கும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஓரமாகவே உட்கார்ந்திருந்த கையைக் கூப்பிட்டு, வாம்மா, நீ ஆடு, என்றால் அது எப்படி ஆடும். வெட்கப்பட்டது. பிறகு ஒரு நாள், எந்த நாள் என்று தெரியாது, தட்டின் விளிம்பு விரல்களுக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது, கை நெஞ்சைத் தாண்டி இழுத்தது, விட்டது, தட்டு நேராகப் போய்க் கடைசியில் தானாக வலது பக்கம் சாய்ந்தது, வீடு தெரிந்த மாடு மாதிரி. அந்த நிமிஷம் உள்ளே என்னமோ ஒரு சந்தோஷம், யாரையும் ஏமாற்றாமலே வருகிற சந்தோஷம், அது அவளுக்குப் புதுசு. இப்போதும் கை இழுத்தது, விட்டது, தட்டு முதல் மரத்தைத் தாண்டிக் கூடைக்கு ஒரு பாய் தூரத்தில் இறங்கியது. "ம்" என்றாள் ரெஜி. ரெஜியின் அகராதியில் அது கைத்தட்டல். பிறகு அவள் தன் இடது கையால் வீசினாள். தட்டு எழும்பியது, யோசித்தது, மனசை மாற்றிக்கொண்டு பக்கத்திலிருந்த கறையான் புற்றில் போய் அடித்தது. வேனிக்கு மனசு குளிர்ந்தது. மனசு குளிர்வது பாவமா. வலது கையால் போட்டால் ரெஜியை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. ஒரு தடவைகூட வேனி அவளை ஜெயித்ததில்லை, பக்கத்தில் போனதுகூட இல்லை, தட்டு பொறுக்கிக் கொடுக்கிற தங்கச்சி மாதிரிதான் பின்னாலேயே போவாள். இந்த ஒன்றரை மாதமாக இரண்டு பேரும் சமம். இரண்டு கோமாளிகள்.

இரண்டாவது கூடைக்குப் போகிற வழியில் தோப்புக்குக் காவல் இருக்கும் அஞ்சலையம்மா கொட்டை திருகிக்கொண்டிருந்தாள். பழம் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். பழுத்த முந்திரிப் பழத்தின் வாசனை, இனிப்பும் புளிப்பும் கொஞ்சம் சாராயமும் கலந்த மாதிரி, மூக்கில் ஏறினால் தொண்டையே துவர்க்கும். "ரெண்டு பீச்சாங்கையும் வந்துருச்சுங்களா" என்றாள் அஞ்சலையம்மா. "என் கூடைக்குள்ள போட்டுறாதீங்க சாமி, நேத்து இந்த நெட்டச்சி போட்ட தட்டு என் மடியில வந்து வுழுந்துச்சு." நெட்டச்சி என்றது ரெஜியை. "தெரியாம வந்துருச்சு ஆயா" என்றாள் ரெஜி. "கூடை அந்தாண்ட இருக்கு, நான் இந்தாண்ட இருக்கேன். எப்படிடி தெரியாம வரும்?" வேனிக்குள் அஞ்சலையம்மாவின் குரல் உடனே தயாராகி வாசலில் வந்து நின்றது, எப்படிடி தெரியாம வரும், அந்த 'டி'யில் ஒரு வெற்றிலைச் சாறு, பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று உள்ளே தள்ளினாள். அஞ்சலையம்மா நல்ல சிவப்புப் பழமாக இரண்டைப் பொறுக்கி ஒன்றை ரெஜிக்கும் ஒன்றை இவளுக்கும் நீட்டினாள். அப்போதுதான் அது நடந்தது. தொட்டிலுக்குள்ளே வலது கை கிளம்பிவிட்டது. யாரும் சொல்லவில்லை, அதுவாகவே, பெரிய மனுஷி ஒன்றைக் கொடுக்கிறாள், வாங்க வேண்டும் என்று எழுந்துவிட்டது. மாவுக்கட்டு துப்பட்டாவில் முட்டியது. வேனி அதை இருமலாக மாற்றினாள். ஒரு நல்ல நீண்ட இருமல், பக்கத்து வீட்டு ரிடையர்டு போர்மேன் தாத்தாவுடையது, கடைசியில் ஒரு 'யப்பா' வரும். இருமிக்கொண்டே இடது கையை நீட்டி, "நொட்டாங்கை, மன்னிச்சுக்குங்க" என்றாள். "கை ஒடிஞ்ச புள்ளைக்கு என்ன மன்னிப்பு. தின்னு." துவர்த்தது. சாறு முழங்கை வரை ஓடியது. ரெஜி இவளைப் பார்த்துக்கொண்டே மென்றாள். "உள்ள அரிக்குதா?" என்றாள். "என்னது?" "கை. துப்பட்டா ஆடுச்சு. அரிக்குதான்னு கேட்டேன்." "ஆமா, ஆமா, பயங்கரமா அரிக்குது." ரெஜி குனிந்து ஒரு மெல்லிய குச்சியை எடுத்து, இலைகளை உருவி, ரொம்பப் பொறுப்பாக மாவுக்கட்டின் வாய் வழியாக உள்ளே விட்டு, மேலும் கீழும் இழுத்தாள். கூச்சம் மூளை வரை ஏறியது. சிரிப்பு தொண்டையில் வந்து நின்றது. வேனி உதட்டைக் கடித்து, கண்ணில் தண்ணீர் வர, "சுகமா இருக்கு" என்றாள். "இன்னும் கொஞ்சம்?" "போதும், போதும்."

இரண்டாவது கூடை, வேண்டாம், அஞ்சலையம்மா பார்க்கிற தூரம். மூன்றாவது கூடை பலா மரத்துக்குப் பின்னால் வலப்பக்கம் ஒளிந்திருக்கும். வலது கைக்காரர்களுக்கு அது எமன், அவர்கள் தட்டு கடைசியில் இடது பக்கம் சாயும். நொட்டாங்கைக்கு அதுவே தாய்வீடு. அங்கே போய் வலது கையை எடுப்பார்களா, புத்தி இருக்கிறவள் எடுக்க மாட்டாள். இப்படியே நாலாவது, இதில் காற்று சரியில்லை. அவளுக்குள் கிரிக்கெட் வர்ணனைக்காரர் ஒருவர் எப்போதும் மைக்கும் கையுமாக இருப்பார், அவர் சொன்னார்: இதோ இளவேனில் தயாராகிறார், இல்லை, மறுபடியும் தள்ளிப்போட்டுவிட்டார் நேயர்களே, இது நான்காவது நாள். டாக்டர் குரல் வந்தது: என்னம்மா, கூடின கையை எதுக்கு மறுபடி கட்டுற? அம்மா குரல்: கேட்டா சொல்லவா போறா, வாயைத் திறந்தா பக்கத்து வீட்டுக்காரர்தான் பேசுவாரு. அந்த அம்மா ஒன்றரை மாதம் ஊட்டிவிட்டாள். பதினாறு வயதில், சாம்பார் சாதத்தைப் பிசைந்து, உருட்டி, ஆ காட்டு, என்று. ஸ்பூனைக் கொடு நானே சாப்பிடுகிறேன் என்று இவள் சொல்லவே இல்லை, நொட்டாங்கையால் ஸ்பூன் நன்றாகவே பிடிக்க வந்த பிறகும் சொல்லவில்லை. சில விஷயங்களைச் சரியாகிவிட்டது என்று சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். காய்ச்சல் விட்டது என்றால் ஹார்லிக்ஸ் போய்விடும். யோசனை அங்கே போனதும் சட்டென்று காலில் முள் குத்திய மாதிரி நின்றாள். நிற்கவில்லை, நடந்துகொண்டுதான் இருந்தாள், உள்ளே நின்றாள். ரெஜியின் போன் அடித்தது.

"சொல்லுங்கண்ணா" என்றாள் ரெஜி. ஞாயிற்றுக்கிழமை குரூப்பின் பிரசன்னா அண்ணன். அவர் போனில் பேசினால் ஸ்பீக்கரே தேவையில்லை, தோப்புக்கே கேட்கும். காலேஜ் ஆட்கள் ஏழெட்டுப் பேர், ஞாயிறு காலையில் வருவார்கள், தொப்பி, கூலிங் கிளாஸ், இங்கிலீஷ். வேனிக்குக் கை ஒடிவதற்கு முன்னால் ரெஜி அவர்களோடுதான் ஆடுவாள். வேனி வேலிப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொருவர் குரலையும் பொறுக்கிக்கொண்டிருப்பாள். "நாளைக்கு வர்றியா இல்லையா ரெஜி? அடுத்த மாசம் பாண்டிச்சேரியில மேட்ச், நீ இல்லாம டீம் எப்படிப் போறது. ஒன்றரை மாசமா நொட்டாங்கையில என்ன வித்தை காட்டுறீங்க ரெண்டு பேரும்? உன் ஃப்ரெண்டுக்குக் கட்டு பிரிச்சாச்சா இல்லையா?" ரெஜி திரும்பி வேனியின் கையைப் பார்த்தாள். மாவுக்கட்டைப் பார்த்தாள், பிளாஸ்திரியைப் பார்த்தாள். "இன்னும் பிரிக்கலண்ணா" என்றாள். "எப்பத்தான் பிரிப்பாங்க?" "தெரியலண்ணா. எலும்பு மெதுவாத்தான் கூடுதாம்." போனை வைத்துப் பைக்குள் போட்டாள், ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த தட்டைத் தேடினாள். வேனிக்கு முகம் சூடானது. இதோ, இப்போது சொல்லிவிடலாம், இப்போதே கையை எடுத்து, 'அண்ணா, நான்தான் எலும்பு பேசறேன், கூடிட்டேன்' என்று பிரசன்னா அண்ணன் குரலிலேயே சொன்னால் ரெஜி விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்து முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடுவாள். இவ்வளவுதான் கணக்கு. கட்டு இருந்தால் ரெஜி இங்கே, கட்டு போனால் ரெஜி அங்கே. விளையாட்டாக ஒட்டிய பிளாஸ்திரிதான், ஆனால் அதைப் பிரிக்க ஒரு நாளும் நகம் வரவில்லை. ஆக, ஏமாற்று வேலை பண்ணுகிறவள் சிரிப்புக்காகப் பண்ணவில்லை என்றால் அதற்குப் பேர் என்ன? தலைமையாசிரியை குரல் பதில் சொல்ல வாயெடுத்தது. சும்மா இருங்கள் மிஸ். சொல்லாமல் இருப்பதும் வலித்தது, இவள் ஒருத்திக்காக அவள் மேட்ச் போகிறது. பாண்டிச்சேரி. கடற்கரையில் கூடை நட்டிருப்பார்களோ. ரெஜி வலது கையை இழுத்து விடுகிறபோது ஒரு சத்தமும் வராது, தட்டு காற்றைக் கேட்டுக்கொண்டே போகும், அதைப் பார்த்தே எத்தனை நாளாகிறது. அதற்கும் ஆசையாக இருந்தது, அதுதான் வேடிக்கை. கடைசிக் கூடையில் சொல்லிவிடுவது. சத்தியமாக. கடைசிக்கு அப்புறம் வேறு கூடை இல்லை.

ஐந்தாவதில் ரெஜியின் தட்டு பின்பக்கமாகப் போனது. வீசியவளுக்குப் பின்னால். "அது எப்படிடி?" என்றாள் வேனி, நிஜமாகவே வியந்து. "காத்து" என்றாள் ரெஜி. இலை அசையவில்லை. எங்கேயோ ஒரு மயில் கத்தியது, வேனி பதிலுக்குக் கத்தினாள், மயில் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி கத்தியது. "அது உன்னைக் கட்டிக்கக் கேக்குது" என்றாள் ரெஜி. "பரீட்சை ரிசல்ட் வரட்டும்னு சொல்லு." வெயில் மரங்களுக்கு அடியில் சாய்வாக நுழைந்து சருகுகளை வறுத்துக்கொண்டிருந்தது. உதட்டில் பழத்தின் துவர்ப்பு இன்னும் இருந்தது. இது போதுமே என்று இருந்தது வேனிக்கு. இரண்டு வீச்சு முன்னால் இருக்கிறாள், பக்கத்தில் ரெஜி இருக்கிறாள், மாவுக்கட்டுக்குள் வியர்வை ஊறுகிறது, இதில் எதையும் மாற்றாமல் அப்படியே ஒரு மூடி போட்டு வைக்க முடிந்தால். ஆறாவது கூடை வந்தே விட்டது. தோப்பின் ஓரம், ஒற்றைப் புளியமரத்தைத் தாண்டி, நீளமான வெட்டவெளி. ரெஜி தட்டை நீட்டினாள். நேயர்களே, என்றார் வர்ணனைக்காரர், தொண்டையைச் செருமி. வேனி இடது கையை ஓங்கினாள். இப்போது கீழே போட வேண்டும். கையைப் போடு. பாம்பாட்டி, கூடை, பாம்பு. வலது கை உள்ளே விரல்களை மடக்கியது, வெளுத்து, மெலிந்து, நேற்றுத்தான் பிறந்த மாதிரி இருக்கிற கை, அதற்கும் பயம்தான். நொட்டாங்கை காத்திருக்கவில்லை. அது இழுத்து விட்டுவிட்டது. முழு பலத்தோடு, முழு அவசரத்தோடு, வலது கையின் கெட்ட குணமெல்லாம் ஒரே நிமிஷத்தில் கற்றுக்கொண்டுவிட்ட மாதிரி. தட்டு மேலே மேலே போய்ப் புளியமரத்தின் உச்சிக் கவட்டையில் சொருகிக்கொண்டது. ஆரஞ்சுத் தட்டு. அண்ணன் தட்டு.

இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். "ஏற முடியாது" என்றாள் வேனி. "ம்" என்றாள் ரெஜி. பிறகு அவள் செய்தது இதுதான். பையைக் கீழே வைத்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே நாலடி நடந்தாள், காலால் ஒரு கல்லைப் புரட்டினாள், பிடிக்கவில்லை, இன்னொன்றைப் புரட்டினாள், குனிந்து எடுத்தாள். அண்ணாந்தாள். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, ஒரு கண்ணை மூடினாள், விட்டாள். கல் விர்ரென்று கிளைகளுக்கு நடுவில் ஒரு கைக்குட்டை அளவு சந்தில் நுழைந்து, தட்டின் அடிவயிற்றில் டொக் என்று அடித்தது. தட்டு துள்ளி, இலைகளை உரசிக்கொண்டு, சுற்றிச் சுற்றி இறங்கி வேனியின் காலடிக்கு வந்தது. புளிய இலைகள் அதற்குப் பின்னால் மெதுவாக வந்தன. அழகு, என்று நினைத்தாள் வேனி. எவ்வளவு அழகாக ஒரு கல். தட்டை எடுக்கக் குனிந்தாள். பாதிக் குனிவில் நின்றாள். ரெஜி கையைத் தட்டிக்கொண்டிருந்தாள், மண் போக, பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது கையை. வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, வேடிக்கை பார்க்க வந்த சொந்தக்காரன் மாதிரி. "ரெஜி." "என்ன?" "எந்தக் கையால போட்ட?" ரெஜி தன் கையைப் பார்த்தாள். திருடும்போது பிடிபட்ட பூனையின் முகம் அவளுக்கு வந்து வேனி அதற்கு முன் பார்த்ததில்லை. "நொட்டாங்கையாலயா கல்லு விட்ட?" ரெஜி கையைப் பின்னால் கொண்டுபோனாள். அப்புறம், வேறு வழியில்லாமல், ஏற்றம் இல்லாமல் இறக்கம் இல்லாமல் சொன்னாள்: "சோறு நொட்டாங்கையால தின்னா எங்கம்மா விரல்ல வேப்பெண்ணெய் தடவிடுவாங்க. எழுதினா மிஸ் ஸ்கேலாலயே போடுவாங்க. அதெல்லாம் மாறிடுச்சு. கல்லு விடறதை யாரும் பாக்கல."

கறையான் புற்று. அஞ்சலையம்மா மடி. பின்பக்கமாகப் போன தட்டு, காற்றில்லாத காற்று. ஒன்றரை மாதமாக, ஒரு நாளும் விடாமல், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லாமல், புதுசு புதுசாகத் தப்புப் போட்டிருக்கிறாள். இடது கைதான் அவள் பிறந்த கை. புளியமரத்து உச்சியில் ஒரு தட்டை ஒரே கல்லில் இறக்குகிற கை. இவள் ஊரில் உள்ள அத்தனை குரலையும் தொண்டையில் வைத்துக்கொண்டு நானே நடிகை என்று நடந்திருக்கிறாள், அந்த மழமழச் சருவம் பேசாமல் கூடவே நடந்து தட்டைப் புற்றில் போட்டிருக்கிறது, இவள் மனசு குளிரட்டும் என்று. வேனியின் வயிற்றுக்குள் ஏதோ அவிழ்ந்தது. சிரிப்பு, அதேதான், இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்தது, ஆனால் வேறு வாசல் வழியாக வந்தது. யார் சிரிப்பும் இல்லை, எந்த சாரும் எந்த மிஸ்ஸும் இல்லை, கழுதை மாதிரி ஒரு சிரிப்பு, மரத்திலிருந்து இரண்டு மைனா பறந்தன. உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு கையாலும். பிளாஸ்திரி விட்டுக்கொண்டது, மாவுக்கட்டு தேங்காய் மூடி மாதிரி இரண்டாகப் பிரிந்து சருகில் விழுந்தது. அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள், வலது கை வெட்டவெளியில், சாயங்கால வெயிலில், வெளுத்துப்போய், ஐந்து விரலோடும் இருக்கிறது என்பது உறைத்ததும்தான் நிறுத்தினாள். மெதுவாக நிமிர்ந்து ரெஜியின் வாயைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. ரெஜி குனிந்து அந்த இரண்டு பாதியையும் எடுத்து, ஒட்டியிருந்த சருகைத் தட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, தட்டுகளோடு பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள், நாளைக்கும் வேண்டியிருக்கும் என்பது மாதிரி.

"ஏய்" என்றாள் வேனி. "உனக்கு எப்பத்திலேர்ந்துடி தெரியும்?"

"செவ்வாக்கிழமையிலேர்ந்து" என்றாள் ரெஜி, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டே. "கட்டு பிரிச்சாச்சுன்னு உங்கம்மா தெரு முழுக்கக் கேசரி குடுத்தாங்களேடி."